நாய்க்கு வந்தால் ரேபிஸ்... மனிதருக்கு வந்தால் ரேஜ்!

சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு மென்பொருள் நிறுவனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் லண்டன் கிளையன்ட்டிடமிருந்து ஒரு மெயில் வருகிறது. ‘ஐ ஆம் அ பிட் டிஸப்பாயின்டட் வித் த டிலே.’

டீம் லீடர் படித்துப் பார்க்கிறார். முகத்தில் நிம்மதி. “அ பிட்தானாம். லேசான வருத்தம். சாயந்திரம் ஒரு ஸாரி போட்டு அனுப்பிடலாம்ப்பா” என்று சொல்லிவிட்டு காபி குடிக்கக் கிளம்புகிறார்.

இன்பாக்ஸில் முந்தைய இரவே வந்து உட்கார்ந்திருக்கும் இன்னொரு மெயில், டெக்ஸாஸிலிருந்து. ‘ஐ ஆம் ஸோ மேட் அட் திஸ் ரிப்போர்ட்!’

புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் பதறிப்போகிறார். “சார், மேட்ங்கிறாரு... பைத்தியம் பிடிக்கிற அளவுக்கு நாம என்ன சார் பண்ணிட்டோம்?”

நிலவரம் நேர்மாறு. டெக்ஸாஸ்காரர் கோபத்தைக் கொட்டி முடித்துவிட்டார். ரிப்போர்ட்டைத் திருத்தி அனுப்பினால் அடுத்த மெயிலில் ‘ஆஸம்’ என்று எழுதக்கூடிய ஆள். லண்டன்காரர்தான் உள்ளுக்குள் கொதித்துக்கொண்டிருக்கிறார்.

கோபத்தைச் சொல்லும் ஆங்கில வார்த்தைகளில் சிக்கலே இதுதான். ஒரே வார்த்தை சில நேரம் கோபத்தைச் சொல்லும். சில நேரம் கோபமே இல்லாமல் வெறும் வேகத்தை, வலுவை, அளவைச் சொல்லும். போதாக்குறைக்கு, அந்த அளவுகோல் ஊருக்கு ஊர் மாறும்.

அந்த ‘மேட்’டையே எடுத்துக்கொள்வோம். பிரிட்டனில் ‘ஹி இஸ் மேட்’ என்றால் முதலில் தோன்றுவது, ‘அவன் ஒரு கிறுக்கன்’ என்ற பொருள். அமெரிக்காவில் ‘அவனுக்குக் கோபம்’. இது அமெரிக்கர்கள் புதிதாகக் கண்டுபிடித்த பொருள் என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்திலேயே பல நூற்றாண்டுகளாகப் புழங்கியதுதான். கப்பலேறிப் போனவர்கள் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள், ஊரில் இருந்தவர்கள் ஓரளவுக்குக் கைவிட்டுவிட்டார்கள்.

எந்த ‘மேட்’ என்று கண்டுபிடிக்க, பின்னால் வரும் குட்டி வார்த்தையைப் பாருங்கள். ‘மேட் அட் யூ’ என்றால் உன்மேல் கோபம். ‘மேட் அபவுட் யூ’ என்றால் உன்மேல் கொள்ளைப் பிரியம்! காதலைச் சொல்லப் போகிறவர்கள் இந்த இரண்டையும் மாற்றிப் போட்டுவிடக் கூடாது. 1980-களில் பிரிட்டனில் கண்டறியப்பட்டு உலகையே பயமுறுத்திய ‘மேட் கவ் டிசீஸ்’ மூன்றாவது வகை. பசுவுக்குக் கோபமும் இல்லை, காதலும் இல்லை. மூளையை அரிக்கும் நோய்.

குட்டி வார்த்தை என்றதும் நம் ஊரில் மிக அதிகமாகக் காதில் விழும் ஒரு தவறையும் சொல்லிவிட வேண்டும். ‘ஹி இஸ் ஆங்ரி ஆன் மீ.’ தமிழில் ‘என் மேல் கோபம்’ என்கிறோம் இல்லையா? அந்த ‘மேல்’தான் அப்படியே ‘ஆன்’ ஆகிவிடுகிறது. ஆங்கிலத்தில் கோபம் யார் மேலும் ஏறி உட்காராது. ஆளைச் சொல்லும்போது ‘ஆங்ரி வித் மீ’ அல்லது ‘ஆங்ரி அட் மீ’. விஷயத்தைச் சொல்லும்போது ‘ஆங்ரி அபவுட் த பில்’.

‘ஆங்ரி’ என்ற சொல் கோபக்காரர்களுக்கு மட்டும் சொந்தமானதும் அல்ல. காயத்தைப் பார்த்து ஆங்கிலம் பேசும் டாக்டர், ‘இட் லுக்ஸ் ஆங்ரி’ என்று சொன்னால் பயந்துவிட வேண்டாம். சிவந்து, வீங்கி, அழற்சியோடு இருக்கிறது என்று பொருள். இடி மழைக்கு முந்தைய கறுத்த வானமும் ‘ஆங்ரி ஸ்கை’தான்.

இந்தச் சொல்லின் பூர்வீகம் சுவாரஸ்யமானது. வடக்கு ஐரோப்பாவின் பழைய நார்ஸ் மொழியில் ‘ஆங்ர்’ என்றால் கோபம் அல்ல, துயரம். இன்னும் பின்னால் போனால், இறுக்கம், நெருக்கம் என்று பொருள்படும் ஒரு பழைய வேருக்குக் கொண்டுபோகிறார்கள் மொழியியல் அறிஞர்கள். நெஞ்சு வலிக்கு டாக்டர்கள் சொல்லும் ‘ஆஞ்சைனா’, பதற்றத்தைக் குறிக்கும் ‘ஆங்ஸைட்டி’ எல்லாம் அதே குடும்பம். கோபம், கவலை, நெஞ்சு வலி மூன்றும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். கோபம் வந்தால் ‘நெஞ்சை அடைக்குதுடா’ என்று சொல்லும் பாட்டிகளுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது.

ஆங்ரியைவிட ஒரு படி மேலே ‘ரேஜ்’. இதன் பூர்வீகம் இன்னும் பயங்கரம். லத்தீனில் வெறிபிடித்த நிலைக்கு ‘ரேபிஸ்’ என்று பெயர். அந்தச் சொல் நோயின் பெயராக அப்படியே ஆங்கிலத்துக்கு வந்தது. அதே சொல் பிரெஞ்சு நாக்கில் உருண்டு, தேய்ந்து ‘ரேஜ்’ ஆகவும் வந்து சேர்ந்தது. நாய்க்கு வந்தால் ரேபிஸ், மனிதருக்கு வந்தால் ரேஜ்!

பிரெஞ்சுக்காரர்களுக்கு இன்றைக்கும் இரண்டும் ஒன்றுதான். கடும் கோபமும் ‘ராஜ்’, வெறிநாய்க்கடி நோயும் ‘ராஜ்’. 1885-ல் லூயி பாஸ்டர் 9 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாகப் போட்ட தடுப்பூசியை அந்த மொழியில் எழுதினால், கோபத்துக்குத் தடுப்பூசி கண்டுபிடித்துவிட்டார்களோ என்று தோன்றும்.

தமிழும் இதே வழியில்தான் போயிருக்கிறது. வெறிநாய், வெறிநோய் என்று பயத்தோடு சொன்ன வார்த்தையை எடுத்து, பிடித்த நடிகரின் படத்தைப் பார்த்துவிட்டு வந்து ‘வெறித்தனம்!’ என்கிறார்கள் பிள்ளைகள். கோபம் காணாமல் போய், அளவு மட்டும் மிஞ்சி, கடைசியில் பாராட்டாகவே ஆகிவிட்டது. ஆங்கிலத்தில் ‘ஆல் த ரேஜ்’ என்றால், ‘இப்போ இதுதான் ஃபேஷன், எல்லோரும் இதன் பின்னால் அலைகிறார்கள்’ என்று பொருள். ‘ரேஜிங் ஃபீவர்’ என்பது அனல் பறக்கும் காய்ச்சல். ‘ரேஜிங் ஃபயர்’ கட்டுக்கடங்காத தீ. (ஒரு விஷயம்: ஆங்கிலத்தின் ‘வெரி’க்கும் நம் ‘வெறி’க்கும் எந்தச் சொந்தமும் இல்லை. ‘வெரி’ என்றால் ஆரம்பத்தில் ‘உண்மையான’ என்று பொருள். இன்று ‘மிகவும்’ என்ற இடத்துக்கு நகர்ந்துவிட்டது. அளவைச் சொல்லும் வார்த்தைகளுக்கு இதே பிழைப்புதான், எங்கிருந்தாவது வந்து சேருவது!)

‘அவுட்ரேஜ்’ என்ற சொல்லைப் பார்த்ததும் ‘அவுட்’ பிளஸ் ‘ரேஜ்’, வெளியே கொட்டும் ரேஜ் என்று பிரிக்கத் தோன்றும். தவறு. எல்லைக்கு அப்பால் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லுடன் ‘-ஏஜ்’ என்ற விகுதி சேர்ந்து பிறந்தது அது. ‘மைலேஜ்’, ‘லக்கேஜ்’ ஆகியவற்றின் கடைசியில் வருகிற அதே விகுதி. அதனால்தான் கோபமே இல்லாத இடத்திலும் ‘அவுட்ரேஜியஸ் ப்ரைஸ்’ என்று வருகிறது. அநியாய விலை, எல்லை மீறிய விலை. ஆனால், இங்கிலாந்து மக்களும் பல தலைமுறைகளாக அதற்குள் ‘ரேஜ்’ இருப்பதாகவே நினைத்துப் பேசியதால், இன்று அந்தச் சொல்லுக்குள் கோபம் நிஜமாகவே குடியேறிவிட்டது. வாடகைக்கு வந்தவர் வீட்டுக்காரர் ஆன கதை.

இந்தக் குடும்பத்தின் கடைக்குட்டிதான் உங்கள் கையில் இருக்கும் போனில் விளையாடிக்கொண்டிருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் 2025-ன் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது ‘ரேஜ் பெய்ட்’. பெய்ட் என்றால் தூண்டிலில் மாட்டும் புழு. படிப்பவருக்கு வேண்டுமென்றே கோபத்தைக் கிளப்பி, கமென்ட் போடவைத்து, அதில் பார்வைகளைச் சம்பாதிக்கும் பதிவுகளுக்கு இந்தப் பெயர். பிரியாணியில் யாரோ சாக்லேட் சிரப் ஊற்றுகிற வீடியோ வருகிறதே... அவருக்கு சமைக்கத் தெரியாது என்று நீங்கள் பொங்கி எழுந்து நாலு வரி திட்டி எழுதுகிறீர்கள். அவருக்கு நன்றாகவே சமைக்கத் தெரியும். வெந்தது பிரியாணி அல்ல, நீங்கள்தான்!

வேகிற கதை என்றால் ஆங்கிலத்தில் அதற்கும் வார்த்தைகள் வரிசைகட்டி நிற்கின்றன. ‘சீதிங்’ என்றால் உள்ளுக்குள் குமுறுவது. பழைய ஆங்கிலத்தில் அது அடுப்பில் தண்ணீர் கொதிப்பதற்கான சாதாரணச் சொல். ‘ஃபியூமிங்’ என்பது புகைவது. லத்தீனில் ஃபியூமஸ் என்றால் புகை. நாம் பூசிக்கொள்ளும் ‘பெர்ஃப்யூம்’ என்ற சொல்லிலும் இருப்பது அதே புகைதான். வாசனைப் பொருட்களை எரித்து மணம் பரப்பிய காலத்தின் மிச்சம். ‘இன்சென்ஸ்’ இன்னும் வேடிக்கை. முதல் அசையை அழுத்திச் சொன்னால் சாம்பிராணி, ஊதுபத்தி. இரண்டாவது அசையை அழுத்திச் சொன்னால் ஒருவரைக் கடும் கோபத்துக்கு ஆளாக்குவது. இரண்டுமே தீ வைப்பதைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தவை. ஆங்கிலக் கோபத்தின் இரண்டு வார்த்தைகள் பூஜை அறை வாசனையோடு திரிகின்றன.

‘லிவிட்’ பற்றித்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ‘ஷி வாஸ் லிவிட்’ என்றால் அவருக்கு உச்சக்கட்ட கோபம். கோபத்தில் முகம் சிவந்ததைச் சொல்கிறார்கள் என்று நினைத்தால், நிறம் வேறு. அடிபட்ட இடம் கன்றிப்போய் நீலமும் சாம்பலுமாகத் தெரியுமே, லிவிட் என்பது ஆதியில் அந்த நிறம். தடயவியல் மருத்துவர்கள் இன்றும் ‘லிவிடிட்டி’ என்ற சொல்லை வைத்திருக்கிறார்கள். இறந்த உடலில் ரத்தம் கீழ்ப்பக்கம் தேங்குவதால் தோன்றும் ஊதா நிறத்துக்கு. ரத்தமே சுண்டிப்போன முகத்தின் கோபம் அது. வீட்டில் அம்மா கத்தும்போது பயம் வராது, பேச்சை நிறுத்திவிட்டால்தான் பயம் வரும் இல்லையா? லிவிட் என்பது அந்த ரகம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

‘ஐரேட்’ என்றொரு சொல் பத்திரிகைகளில் அடிக்கடி வரும். ‘ஐரேட் கஸ்டமர்’, ‘ஐரேட் பேரன்ட்ஸ்’. இதை அடுத்தவரைப் பற்றித்தான் சொல்வது வழக்கம். ‘ஐ ஆம் ஐரேட்’ என்று தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்பவரைப் பார்ப்பது அரிது. அநியாயத்தைக் கண்டு வரும் கோபத்துக்கு ‘இன்டிக்னன்ட்’. தமிழில் ‘அறச்சீற்றம்’ என்கிறோமே, அதற்குப் பக்கத்தில் வரும்.

இனி ‘ஃப்யூரியஸ்’. கோபத்தின் மேல்தட்டு வார்த்தை என்றுதான் பள்ளியில் படித்திருப்போம். ஆனால், இதற்கும் கோபத்துக்கும் சம்பந்தமே இல்லாத ஒரு வாழ்க்கை உண்டு. ‘அட் அ ஃப்யூரியஸ் பேஸ்’ என்றால் தலைதெறிக்கும் வேகத்தில். ‘ஃபாஸ்ட் அண்ட் ஃப்யூரியஸ்’ கார் படங்களால் இன்று உலகம் முழுக்கத் தெரிந்த அந்த ஜோடியை, 18-ம் நூற்றாண்டிலேயே ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் ‘டாம் ஓ ஷான்டர்’ கவிதையில் பயன்படுத்தினார். அங்கே அது சண்டை அல்ல, ஆட்டமும் பாட்டமுமான கும்மாளத்தின் வேகம். உலக வரைபடத்தில் தென்கோளத்தில் 50 டிகிரிக்குக் கீழே மாலுமிகளை அலறவைக்கும் காற்று வீசும் பகுதிக்குப் பெயரே ‘ஃப்யூரியஸ் ஃபிஃப்டீஸ்’.

சட்டத்திலும் இந்தச் சொல் உட்கார்ந்திருக்கிறது. இங்கிலாந்தில் குதிரை வண்டிகள் ஓடிய 1861-ல் ஒரு சட்டம் வந்தது. அதன் 35-வது பிரிவு, ‘வான்டன் ஆர் ஃப்யூரியஸ் டிரைவிங்’ மூலம் ஒருவருக்குக் காயம் ஏற்படுத்தினால் அதிகபட்சம் 2 ஆண்டு சிறை என்றது. குதிரை வண்டிகள் போய் 100 ஆண்டுகள் ஆகியும் அந்தப் பிரிவு போகவில்லை. 2016-ல் லண்டனில், முன்சக்கரத்துக்கு பிரேக் இல்லாத சைக்கிளை ஓட்டிவந்த ஓர் இளைஞர் சாலையைக் கடந்த பெண்மீது மோதினார். அந்தப் பெண் இறந்துபோனார். ‘ஆபத்தாக ஓட்டி மரணம் விளைவித்தல்’ என்ற சட்டம் மோட்டார் வாகனங்களுக்குத்தான் பொருந்தும். கொலைக்குச் சற்றுக் குறைவான ‘மேன்ஸ்லாட்டர்’ குற்றச்சாட்டிலிருந்து ஜூரிகள் அவரை விடுவித்துவிட்டார்கள். கடைசியில் கைகொடுத்தது அந்த 1861-ம் ஆண்டின் ‘ஃப்யூரியஸ்’தான். 2017-ல் அவருக்கு 18 மாதத் தண்டனை கிடைத்தது. அவருக்கு யார் மீதாவது கோபம் இருந்ததா என்பது அங்கே கேள்வியே இல்லை. எப்படி ஓட்டினார் என்பதுதான் கேள்வி.

அந்தச் சட்டத்துக்கு ஓராண்டு முன்பு, 1860-ல் நம் ஊருக்கு அதே ஆங்கிலேயர்கள் எழுதிக் கொடுத்த இந்திய தண்டனைச் சட்டத்தில் ‘ஃப்யூரியஸ்’ இல்லை, ‘ராஷ்’ இருந்தது. அதனால்தான் டீக்கடை பெஞ்சில்கூட ‘ராஷ் டிரைவிங்’ என்கிறோம். 279-வது பிரிவாக இருந்த அது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 281-வது பிரிவு. எண் மாறியது, ‘ராஷ்’ மாறவில்லை.

ஃப்யூரியஸுக்குப் பாட்டி வழி, ரோமானியர்களின் ‘ஃப்யூரி’கள். கிரேக்கத்தில் இவர்களுக்கு ‘எரினிஸ்’ என்று பெயர். தலைமுடிக்குப் பதில் பாம்புகளோடு, சொந்த ரத்தத்தையே கொன்றவர்களை விடாமல் துரத்தும் பெண் தெய்வங்கள். பெயரைச் சொல்லவே கிரேக்கர்களுக்குப் பயம். அதனால் ‘யூமெனிடீஸ்’ என்றார்கள். அன்பானவர்கள் என்று பொருள்! வயல்வரப்பில் படமெடுத்து நிற்பதை ‘நல்ல பாம்பு’ என்று சொல்லிப் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கொடியதற்கு மென்மையான பெயர் வைப்பதில் கிரேக்கர்களையும் மிஞ்சியவர்கள் பிரிட்டிஷ்காரர்கள். அவர்கள் அகராதியில் ‘க்ராஸ்’ என்றால் லேசாகக் கோபம் என்று போட்டிருக்கும். ‘நாட் பெஸ்ட் ப்ளீஸ்ட்’ என்றால், அவ்வளவாகச் சந்தோஷம் இல்லை. ‘வித் ரெஸ்பெக்ட்’ என்று ஆரம்பித்தால் மரியாதையோடு சொல்கிறேன். இதெல்லாம் அகராதி சொல்லும் கதை. ஒரு பிரிட்டிஷ் அதிகாரி, ‘அவர் இதைக் கேட்டு நாட் பெஸ்ட் ப்ளீஸ்ட்’ என்று சொன்னால், அந்த ‘அவர்’ மேஜையைத் தட்டிக் கத்தியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. குரல் உயர உயர வார்த்தை இறங்கும் விசித்திரம்.

இதற்கு விலை கொடுத்த சம்பவம் ஒன்று, கொரியப் போரைப் பற்றிய எழுத்துகளில் திரும்பத் திரும்ப வரும். 1951 ஏப்ரல். இம்ஜின் ஆற்றங்கரையில் பிரிட்டனின் 29-வது பிரிகேட். அதன் ஒரு பகுதியான குளோஸ்டர்ஷர் ரெஜிமென்ட்டின் முதல் பட்டாலியனைப் பல மடங்கு பெரிய சீனப் படை சுற்றி வளைத்துக்கொண்டிருக்கிறது. பிரிகேடியர் டாம் ப்ரோடி, மேலதிகாரியான அமெரிக்க ஜெனரலிடம் நிலைமையைத் தெரிவிக்கிறார். அவர் சொன்னது: ‘அ பிட் ஸ்டிக்கி.’

கொஞ்சம் பிசுபிசுப்பாக இருக்கிறது! இன்னொரு பிரிட்டிஷ்காரர் கேட்டிருந்தால் நாற்காலியிலிருந்து எழுந்திருப்பார். ‘உயிர் போகிற நிலைமை, உடனே எங்களை வெளியே எடுங்கள்’ என்று அதற்குப் பொருள். அமெரிக்கரின் காதில் அது, ‘சிரமம்தான், ஆனால் சமாளித்துக்கொண்டிருக்கிறோம்’ என்று விழுந்தது. அந்த இடத்திலேயே நிற்கச் சொன்னார் என்கிறது அந்தக் கதை. போர்க்களத்தில் நூறு காரணங்கள் இருக்கும். ஒரு வார்த்தை மீது மொத்தப் பழியையும் போட முடியாது. ஆனால், அந்தக் குன்றிலிருந்து தப்பித்துத் தங்கள் படையோடு வந்து சேர்ந்த குளோஸ்டர் வீரர்கள் மிகச் சிலரே. மற்றவர்கள் கொல்லப்பட்டார்கள் அல்லது சிறைபிடிக்கப்பட்டார்கள். வரைபடத்தில் 235 என்ற எண் மட்டுமே கொண்டிருந்த அந்தக் குன்றுக்கு இன்று ‘குளோஸ்டர் ஹில்’ என்று பெயர்.

எதிர்த்திசையிலும் தவறு நடக்கிறது. நிஜமான கொலைகளிலிருந்து பிறந்த வார்த்தைகளை ஆங்கிலம் பேசுபவர்கள் சர்வ சாதாரணமாக வீசிவிடுவார்கள். ‘ரன் அமாக்’ என்பது மலாய் மொழியின் ‘அமுக்’கிலிருந்து வந்தது. மலேசியத் தமிழர்களுக்கு ‘மெங்ஙாமுக்’ என்ற சொல்லைக் கேட்டாலே காட்சி விரியும். வெறிகொண்டு எதிரில் பட்டவர்களை எல்லாம் வெட்டிச் சாய்ப்பது. நம் ஊர் ஆங்கிலப் பத்திரிகைகளில் திருவிழாவில் மிரண்டு ஓடிய யானைக்கு அதைப் போடுவார்கள். வீட்டில் ஓடியாடும் குழந்தைகளுக்கும் போடுவார்கள். ‘கோ பெர்ஸர்க்’ என்பது வெறியோடு போரிட்ட வடக்கத்திய வீரர்களின் பெயர்; கரடித்தோல் சட்டை என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள்.

இவற்றில் ‘கோ போஸ்டல்’ என்ற அமெரிக்க வழக்கு மட்டும் தொடக் கூடாதது. கோபத்தில் கட்டுப்பாடு இழப்பது என்று பொருள், ஏதோ தபால்காரர் ஜோக் போலத்தான் தொனிக்கும். 1986-ல் ஓக்லஹோமா மாநிலத்தின் எட்மண்ட் நகர தபால் அலுவலகத்தில், அங்கு வேலை பார்த்த ஒருவர் சக ஊழியர்கள் 14 பேரைச் சுட்டுக் கொன்றார். அடுத்த சில ஆண்டுகளில் வேறு தபால் அலுவலகங்களிலும் இப்படி நடந்தது. வார்த்தை அங்கிருந்து வந்தது. படங்களில் கேட்டுவிட்டு அமெரிக்க அலுவலகத்தில் விளையாட்டாகச் சொல்ல வேண்டாம். செக்யூரிட்டியைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

நம் பங்குக்கு நாமும் ஒன்றை வைத்திருக்கிறோம். ‘டென்ஷன்.’ தமிழில் ‘சார் டென்ஷனா இருக்கார்’ என்றால் கோபமாக இருக்கிறார். ‘டென்ஷன் ஆகாதேம்மா’ என்றால் கவலைப்படாதே, பதறாதே, கோபப்படாதே எல்லாமே. அழகான, பல வேலைகளுக்கு உதவும் தமிழ்ச் சொல்லாகவே அது ஆகிவிட்டது. ஆனால், அதை அப்படியே ஆங்கிலத்துக்குத் திருப்பி அனுப்பி, ‘மை பாஸ் இஸ் இன் டென்ஷன்’, ‘டோன்ட் கெட் டென்ஸ்ட்’ என்றால் வெளிநாட்டவருக்குக் கோபம் தெரியாது, நரம்புத்தளர்ச்சி மாதிரி ஏதோ தெரியும். அங்கே ‘டென்ஸ்’ என்பது இறுக்கமான மனநிலை மட்டுமே. கோபம் என்றால் கோபம் என்றே சொல்ல வேண்டும்: ‘மை பாஸ் இஸ் ஆங்ரி.’

அதன் சொந்தக்காரர்களான ‘இன்டென்ஸ்’, ‘இன்டென்சிவ்’ இரண்டையும் மாற்றிப்போடுகிறவர்களும் உண்டு. தாங்க முடியாத வலி, ‘இன்டென்ஸ் பெயின்’. தானாக அந்த அளவுக்கு இருப்பது. ஆட்களும் உழைப்பும் குவிக்கப்பட்ட வேலை என்றால் ‘இன்டென்சிவ்’. அதனால்தான் ஐ.சி.யூ-வில் இருப்பது ‘இன்டென்சிவ் கேர்’. ‘இன்டென்சிவ் பெயின்’ என்று லீவ் லெட்டரில் எழுதினால், வலியை யாரோ திட்டமிட்டு வரவழைத்த மாதிரி இருக்கும்.

அப்படியானால், எந்த வார்த்தை எவ்வளவு என்பதற்கு ஆங்கிலத்தில் அளவே கிடையாதா? உண்டு. உயிர் போகிற இடத்தில் மட்டும் கறாராக உண்டு. 1805-ல் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஃபிரான்சிஸ் போஃபர்ட் காற்றின் வலுவைச் சொல்ல ஓர் அளவுகோல் வகுத்தார். ஒவ்வொரு கேப்டனும் தனக்குத் தோன்றியபடி ‘பயங்கரக் காற்று’, ‘லேசான காற்று’ என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தால் அடுத்தவருக்கு என்ன விளங்கும்? பின்னாட்களில் திருத்தி, விரித்து, இன்றும் அது புழக்கத்தில் இருக்கிறது. இங்கே ‘வயலன்ட்’ என்பது எழுதுபவரின் மனநிலை அல்ல. ‘வயலன்ட் ஸ்டார்ம்’ என்றால் 11-ம் எண், 56 முதல் 63 நாட் வேகம். அதற்கு மேல் போனால் 12, ‘ஹரிக்கேன் ஃபோர்ஸ்’.

நம் வானிலை ஆய்வு மையமும் இதே ஒழுங்கில்தான் பேசுகிறது. ‘சிவியர்’ என்றால் 48 முதல் 63 நாட். ‘வெரி சிவியர்’ 64 முதல் 89. ‘எக்ஸ்ட்ரீம்லி சிவியர்’ 90 முதல் 119. 120-ஐத் தொட்டால் ‘சூப்பர் சைக்ளோன்’. (ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர்.) டி.வி-யில் செய்தி வாசிப்பவர் எத்தனை ‘பயங்கரம்’ சேர்த்தாலும், சென்னை மண்டல அலுவலகத்தின் அறிக்கையில் ஒரு ‘வெரி’ கூடுவதற்குக் காற்று வேகமெடுத்தாக வேண்டும்.

பி.பி.சி. வானொலியில் கப்பல்களுக்கான வானிலை அறிக்கை ஒன்று வாசிக்கிறார்கள். ‘ஷிப்பிங் ஃபோர்காஸ்ட்’ என்று பெயர். கடலுக்கே போகாதவர்களும் தாலாட்டு மாதிரிக் கேட்டுக்கொண்டு தூங்குவார்கள். அதில் ‘சூன்’ என்ற சொல்லுக்குக்கூட அளவு உண்டு. 6 மணி நேரத்துக்கு மேல், 12 மணி நேரத்துக்குள். ‘இம்மினன்ட்’ என்றால் 6 மணி நேரத்துக்குள். காற்றே இல்லாத கடலையும், ‘வயலன்ட் ஸ்டார்ம் லெவன்’ வரப்போகிற கடலையும் அறிவிப்பாளர் ஒரே குரலில், ஏற்ற இறக்கமில்லாமல் படித்துக்கொண்டே போவார். குரலில் எதையும் தேடக் கூடாது. வார்த்தையைத்தான் கவனிக்க வேண்டும்.

ஓ.எம்.ஆர். டீம் லீடர் காபி குடித்துவிட்டுத் திரும்பி வருகிறார். லண்டனிலிருந்து இன்னொரு மெயில் வந்திருக்கிறது. கோபமான வார்த்தை ஒன்றுகூட இல்லை. ஒரே ஒரு வரிதான்.

‘குட் வீ ஹாவ் அ க்விக் சாட்?’

“பார்த்தீங்களா... சும்மா பேசணும்னுதான் சொல்றாரு” என்கிறார் அவர். பழைய கம்பெனியில் நான்கு வருடம் லண்டன் கிளையன்ட்டுகளோடு மல்லுக்கட்டிவிட்டு வந்த ஒருவர், பக்கத்து சீட்டிலிருந்து மெதுவாக எழுந்து கதவைச் சாத்துகிறார். “சார், மொதல்ல ஒக்காருங்க.”